நைட்டுக்கு ஒரு சிஸ்டர், 48 நோயாளிகள்: வார்டு இன்சார்ஜ் எதை மாற்ற முடியும்?

வாசகர் கேள்வி: மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் பெண்கள் பொது மருத்துவ வார்டுக்கு இன்சார்ஜாக இருக்கிறேன். 38 கட்டில்கள். தரையில் பாய் போட்டுப் படுப்பவர்களையும் சேர்த்தால் தினமும் 48 பேர் வரை இருப்பார்கள். என்னைத் தவிர ஒன்பது ஸ்டாஃப் நர்ஸ். அதில் நான்கு பேர் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். காலையில் மூவர், மாலையில் இருவர், இரவில் ஒருவர். ஒரு சிஸ்டர் பிரசவ விடுப்பில் போனதிலிருந்து வாரத்துக்கு நான்கைந்து டபுள் டூட்டி (ஒருவரே தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட்) விழுகிறது. தொகுப்பூதியத்தில் இருக்கும் தங்கை ஒருத்திக்கு மூன்று வாரத்துக்கு முன் நைட்டில் ஊசி குத்தியிருக்கிறது. இப்போதுதான் அழுதுகொண்டே சொன்னாள். இந்த நிலையில் 'செவிலியர் நலன்' என்று மாதம் ஒருநாள் யோகா வகுப்பு நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மாற்றத்தைச் செவிலியர்தான் முன்னின்று நடத்த வேண்டும் என்று கூட்டங்களில் சொல்கிறார்கள். ஆள் போடும் அதிகாரம் என்னிடம் இல்லை. நான் எதை மாற்ற முடியும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தத் தங்கையைப் பார்ப்போம். நாளைக் காலையே அவளை அழைத்துக்கொண்டு உங்கள் மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கு (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டிவிட்டதால் இப்போது மாத்திரை கிடையாது. ஆனால் பரிசோதனைக்குக் காலம் தவறவில்லை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி மூன்றுக்கும் அன்றே ரத்தம் எடுக்க வேண்டும். பிறகு குத்திய நாளிலிருந்து கணக்கிட்டு 6 வாரம், 3 மாதம், 6 மாதத்தில் மறுபடி எடுக்க வேண்டும். காமாலை பி தடுப்பூசி மூன்று டோஸும் (முதல் நாள், 1 மாதம், 6 மாதம்) முடித்தவளா என்று கேளுங்கள். முடிக்கவில்லை என்றால் அன்றே தொடங்கலாம். முடித்திருந்தால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு 10 mIU/ml அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். எந்த நோயாளிக்குப் போட்ட ஊசி என்று அவளுக்கு நினைவிருந்தால் மருத்துவர் வழியாக, அந்த நோயாளியின் சம்மதத்தோடு, அவருடைய பரிசோதனை முடிவையும் பெறலாம். முடிவு தெளிவாகும்வரை ரத்ததானம் வேண்டாம், உறவில் ஆணுறை வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவள் என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள்.

அவள் பயத்தைக் குறைக்க இந்த எண்களைச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. இருப்பவருக்குப் போட்ட ஊசியே குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் மூன்று. காமாலை சி நூற்றில் இரண்டுக்கும் சற்றுக் குறைவு, இப்போது அதற்கு மாத்திரையில் குணமும் உண்டு. தடுப்பூசி போடாதவருக்குக் காமாலை பி நூற்றில் முப்பதுவரை போகும். நாம் வாயே திறக்காத காமாலை பி-தான் மூன்றிலும் பெரிய ஆபத்து. தடுப்பூசியால் தடுக்கக்கூடியதும் அதுதான்.

அவள் ஏன் மூன்று வாரம் மறைத்தாள் என்பதற்குக் காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். மெமோ வரும், அடுத்த ஆண்டு ஒப்பந்தம் நீட்டிக்க மாட்டார்கள் என்ற பயம் ஒன்று. இரவு இரண்டு மணிக்கு நம்பிக்கை மையம் பூட்டியிருக்கும், யாரிடம் போவது என்று தெரியாதது இன்னொன்று. இரண்டாவதை ஒரே வாரத்தில் சரிசெய்யலாம். டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரைதான் எச்.ஐ.வி. தடுப்புக்குத் தருவது. நாளுக்கு ஒன்றாக 28 நாள். முதல் மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. ஆகவே அதில் சில கேஷுவாலிட்டி மருந்து அலமாரியில் இரவும் பகலும் இருக்க வேண்டும். ஆர்.எம்.ஓ.விடம் (உறைவிட மருத்துவ அலுவலர்) கேட்டு அதை வைக்கச் செய்யுங்கள், காலாவதி தேதியைப் பார்க்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதுங்கள்.

பிறகு உங்கள் வார்டு மருந்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு அட்டை ஒட்டுங்கள். அதில் நான்கே வரி போதும்: குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவு, பிதுக்காதே, வாயில் வைக்காதே, ஸ்பிரிட் ஊற்றாதே. டூட்டி டாக்டரிடம் சொல். கேஷுவாலிட்டியில் முதல் மாத்திரையைப் போடு. காலையில் நம்பிக்கை மையத்துக்குப் போ. கீழே கேஷுவாலிட்டி எண்ணும், தொற்றுத் தடுப்பு நர்ஸின் எண்ணும். ஊசி குத்தியதைப் பதியும் நோட்டில் 'யார் தவறு' என்ற கட்டம் இருந்தால் அதை அடித்துவிடுங்கள். எந்த ஊசி, எந்த வேலையின்போது, பயன்படுத்திய ஊசியைப் போடும் வெள்ளைப் பெட்டி எவ்வளவு தூரத்தில் இருந்தது, எத்தனையாவது மணி நேர டூட்டி என்பவைதான் வேண்டியவை. பத்துப் பதிவு சேர்ந்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும்: இன்சுலின் ஊசிக்கு மூடி போடும்போது, வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் குழாய்) உள்ளூசியை உருவி வைக்க இடமில்லாமல் கையிலேயே பிடித்திருக்கும்போது, கழிவு மூட்டையைக் கட்டும்போது. வெள்ளைப் பெட்டி வார்டின் கோடியில் இருந்தால் கை தானாக மூடியைத் தேடும். அது டிராலியோடு கட்டிலுக்கு வர வேண்டும். முக்கால் பாகம் நிரம்பியதும் மூடிவிட வேண்டும். திணித்தால் அடுத்து குத்துப்படுவது துப்புரவுப் பணியாளர்.

மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016-ன்படி கழிவைக் கையாளும் எல்லாருக்கும் காமாலை பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது நிறுவனத்தின் கடமை. ஏஜென்சி வழியாக வந்த பன்னோக்குப் பணியாளரும் அதில் அடக்கம். தடுப்பூசிப் பதிவேட்டில் விடுபடும் பெயர் பெரும்பாலும் அவர்களுடையது, கழிவுப் பையைத் தோளில் தூக்குபவர்களும் அவர்கள்தான். உங்கள் வார்டு பட்டியலில் அவர்கள் பெயரை முதலில் எழுதுங்கள்.

இனி ஆள் கணக்கு. "ஆள் பற்றவில்லை" என்று எழுதினால் "எல்லா வார்டிலும் அப்படித்தான்" என்று பதில் வரும். ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற நர்சிங் கவுன்சில் அளவீட்டைக் காட்டினால் "அது அரசு மட்டத்தில் முடிவாக வேண்டியது" என்று கோப்பு மூடப்படும். அதனால் உங்கள் இன்றைய டூட்டி லிஸ்ட்டையே கணக்காகப் போடுங்கள். மூன்று, இரண்டு, ஒன்று: நாளுக்கு 6 ஷிஃப்ட், வாரத்துக்கு 42. ஒருவர் வாரத்துக்கு ஆறு ஷிஃப்ட் பார்த்தால் ஒன்பது பேரால் 54 வரும். அதில் விடுப்பு, மருத்துவ விடுப்பு, பயிற்சி, பண்டிகை ஈடு எல்லாம் போக வேண்டும். நர்சிங் கவுன்சில் இதற்கு 30 விழுக்காடு கூடுதல் ஆள் வைக்கச் சொல்கிறது. 54-ஐ 1.3-ஆல் வகுத்தால் 41.5. அதாவது ஒன்பது பேர் இருந்தபோதே உங்கள் லிஸ்ட் நூலிழையில் நின்றிருக்கிறது. எட்டுப் பேர் ஆனதும் 48 ஷிஃப்ட்தான், அதை 1.3-ஆல் வகுக்க 37. பற்றாக்குறை வாரத்துக்கு ஐந்து ஷிஃப்ட். நீங்கள் எழுதிய நான்கைந்து டபுள் டூட்டி இதுதான்! யாருடைய சோம்பலும் ஒத்துழையாமையும் இதில் இல்லை. வெறும் வகுத்தல் கணக்கு. உங்கள் நைட் 12 மணி நேரம் என்றால் ஷிஃப்ட்டுக்குப் பதிலாக மணியை வைத்து இதே கணக்கைப் போடுங்கள்.

இந்த ஐந்து ஷிஃப்ட் காகிதத்தில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான வார்டுகளில் டபுள் டூட்டியை "அட்ஜஸ்ட்மென்ட்" என்று வாய்மொழியில் முடித்து, லிஸ்ட்டில் பெயரை மட்டும் மாற்றிவிடுகிறோம். நோயாளிக்கு இடைஞ்சல் வராமல் பார்த்துக்கொள்கிறோம். விளைவு, அலுவலகப் பதிவில் உங்கள் வார்டில் குறையே இல்லை. இந்த மாதம் முதல் ஒவ்வொரு டபுளையும் தேதி, நேரம், காரணம், ஈடுசெய் விடுப்பு நிலுவை ஆகியவற்றோடு சிவப்பு மையில் லிஸ்ட்டிலேயே எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டி அடியில் போடுங்கள். நீங்கள் செய்யப்போகும் மாற்றங்களில் மிகச் சிறியது இது. மற்ற எல்லாவற்றுக்கும் இதுவே ஆதாரம்.

டபுள் டூட்டியை ஏன் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று யாராவது கேட்டால் ஒரு கணக்கு போதும். 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்பது 1997-லேயே ஆய்வில் கண்டது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவே 0.03 விழுக்காடு. காலை 6 மணிக்கு எழுந்து சமைத்துப் பிள்ளையை அனுப்பிவிட்டு மதியம் டூட்டிக்கு வந்தவர், அப்படியே நைட்டையும் பார்த்தால் இரவு 11 மணிக்கே அந்த 17 மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறார். விடிய இன்னும் நேரம் இருக்கிறது.

நைட்டுக்கு வருகிறேன். அதிகாரமே இல்லாமல் நீங்கள் நிறைய மாற்றக்கூடிய இடம் இது. ஒரு வாரத்துக்கு இரண்டே இரண்டு நேரத்தைக் குறியுங்கள்: 10 மணி ஊசி கடைசி நோயாளிக்கு எத்தனை மணிக்குப் போட்டு முடிந்தது, காலை 6 மணி ஊசியை எத்தனை மணிக்குத் தொடங்கினார்கள். 30 பேருக்கு 10 மணி ஊசி இருந்து ஆளுக்கு நான்கு நிமிடம் ஆனால், இரண்டு மணி நேரம். கடைசி நோயாளிக்கு நள்ளிரவு. அதேபோல் 6 மணி ஊசியை 4 மணிக்கே தொடங்கினால்தான் முடியும். உடம்பு மிகவும் சோர்ந்து கண் இருட்டும் நேரமும் அதுவே. யாரும் தவறு செய்ய நினைப்பதில்லை, ஆனால் பெயர் மாறுவதும் மருந்துக் குப்பி மாறுவதும் அந்த நேரத்தில்தான்.

இப்போது கேஸ் ஷீட்டைப் புரட்டுங்கள். அந்த 30-ல் எத்தனை ஊசி 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போடுவது? 20 என்று வைத்துக்கொள்வோம். அதை 10-10 என்று போடுவது பழக்கம். நோய்க்கு அது கட்டாயம் இல்லை. 8-8 என்று மாற்றினால் காலையில் மூன்று பேரும் இரவு 8 மணிக்கு இரண்டு பேரும் இருப்பார்கள். இருவர் பிரித்துப் போட்டால் 20 ஊசி 40 நிமிடத்தில் முடியும். 10 மணிக்கு மிஞ்சுவது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போடும் பத்து ஊசி மட்டும், அதுவும் 40 நிமிடம். யூனிட் சீஃபிடம் கேட்டு, புதிதாக அட்மிட் ஆகிறவர்களுக்கு மட்டும் முதலில் இதைத் தொடங்குங்கள். ஏற்கெனவே படுத்திருப்பவர்களுக்கு ஒரே நாளில் நேரத்தை இழுத்தால் ஒரு டோஸ் இடைவெளி 10 மணி நேரமாகக் குறையும். அமிக்காசின், வான்கோமைசின் போன்ற மருந்துகளிலும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களிடத்தும் அது கூடாது.

அடுத்தது, ஊசியே வேண்டுமா என்ற கேள்வி. அது மருத்துவரின் முடிவு, ஆனால் கேள்வியை எடுத்துப்போவது நம் வேலை. காலை ரவுண்ட்ஸுக்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வகையினர் பெயரை எழுதிக் கொடுங்கள்: 48 மணி நேரம் தாண்டியும் ஊசி ஆன்டிபயாடிக்கில் இருந்து, காய்ச்சல் விட்டு, வாயால் சாப்பிடுகிறவர்கள், வாயால் சாப்பிட்டுக்கொண்டே பான்டாப்ரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து) ஊசி போட்டுக்கொள்கிறவர்கள், செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் இரண்டு வேளை எழுதப்பட்டவர்கள். கடைசி மருந்து பல நோய்களுக்கு நாளுக்கு ஒருமுறை போட்டால் போதுமானது. மூளைக்காய்ச்சல் போன்றவற்றில்தான் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம். மருத்துவரைக் குறை சொல்லும் தொனி வந்தால் இது முதல் நாளே நின்றுவிடும். "சார், இவங்க இட்லி சாப்பிடுறாங்க, மாத்திரையா மாத்தலாமா?" என்று கட்டிலருகில் நின்று கேட்டால் பெரும்பாலும் உடனே மாறும். வென்ஃப்ளானும் சீக்கிரம் வெளியே வரும், கை வீக்கமும் குறையும், ஊசி குத்தும் ஆபத்தும் குறையும்.

டூட்டி லிஸ்ட்டில் நியாயம் இருக்கிறதா என்பதைக் கொஞ்சம் தைரியமாகவே பார்க்க வேண்டும். கடந்த ஆறு மாத லிஸ்ட்டை எடுத்து ஒவ்வொருவருக்கும் நைட் எத்தனை, டபுள் எத்தனை, ஞாயிறு எத்தனை, பொங்கல் தீபாவளி ரம்ஜான் கிறிஸ்துமஸில் யார் வந்தார்கள், கேட்டுக் கிடைக்காத விடுப்பு எத்தனை என்று எண்ணுங்கள். தொகுப்பூதியத்தில் இருக்கும் நால்வரின் எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மறுத்துப் பேச முடியாதவர் பக்கம்தான் பாரம் சரியும். சம்பளத்தை நீங்கள் சமமாக்க முடியாது, நைட்டைச் சமமாக்கலாம். பெயரோடு சுவரில் ஒட்டினால் சண்டைதான் வரும். முதலில் ஒவ்வொருவரிடமும் அவரவர் எண்ணையும் வார்டு சராசரியையும் தனியாகக் காட்டுங்கள். அடுத்த லிஸ்ட்டை நான்கு வாரத்துக்கு முன்பே வரைவாகப் போட்டுப் பேசி முடியுங்கள்.

வரிசை காலை, மாலை, நைட் என்று முன்னோக்கிப் போகட்டும். மாலை டூட்டி முடித்து இரவு 9 மணிக்குப் போனவர் மறுநாள் காலை 7 மணிக்கு நிற்கக் கூடாது. பேருந்துப் பயணமும் சமையலும் போனால் அவருக்குக் கிடைப்பது ஐந்து மணி நேரத் தூக்கம்கூட இல்லை. இரண்டு டூட்டிக்கு நடுவே குறைந்தது 11 மணி நேரம் வையுங்கள். நைட் முடித்துக் காலையில் இறங்கும் நாளை ஓய்வு நாளாக எழுதாதீர்கள். அது தூங்கும் நாள், ஓய்வு அதற்கு மறுநாள்தான். டூட்டி மாற்றிக்கொள்ள இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்த மாற்றத்தால் யாருக்காவது டபுள் வருமானால் அனுமதி இல்லை என்ற விதி உங்களுக்கும் சேர்த்து இருக்கட்டும். கைக்குழந்தைக்காரருக்கு நைட் விலக்கு கொடுப்பது சரியே. ஆனால் அந்த நைட் யார் தலையில் விழுகிறது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நோயாளிகளிடையே சமநிலை என்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லாமல் விட முடியாது. நம் வார்டுகளில் பாதிப் பராமரிப்பைச் செய்வது கூட வந்திருக்கும் மகளும் மருமகளும்தான். தண்ணீர் கொடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, ரத்தக் குப்பியை லேபுக்குக் கொண்டுபோவது, ட்ரிப்ஸ் தீர்ந்ததைக் கூப்பிட்டுச் சொல்வது எல்லாம். ஆகவே ஆள் குறையும்போது முதலில் பாதிக்கப்படுகிறவர் துணைக்கு ஆள் இல்லாதவர்: தனியாக வந்த பாட்டி, தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளி, மலைக் கிராமத்திலிருந்து 108-ல் வந்து இறக்கப்பட்டவர், சுவரோரம் தரையில் படுத்திருப்பவர். ஷிஃப்ட் மாறும்போது ஓவர் எடுக்கும் நோட்டில் இவர்கள் பெயருக்கு எதிரே ஒரு குறி போடுங்கள். ரவுண்டை முதல் கட்டிலிலிருந்து தொடங்காமல் இவர்களிடமிருந்து தொடங்குங்கள். ஒரு வாரம் இவர்களில் எத்தனை பேருக்கு எழுதிய லேப் பரிசோதனை அன்றே போனது, ஆள் உள்ளவர்களில் எத்தனை பேருக்குப் போனது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்த வார்டின் சராசரியில் இது தெரியாது.

வீட்டுக்கு அனுப்பும்போதும் இதே கவனம் வேண்டும். மாத்திரைக் கவரில் எழுத்துக்குப் பதிலாகச் சூரியனும் நிலாவும் வரையுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "வீட்ல போய் மருமககிட்ட எப்படிச் சொல்லுவீங்க பாட்டி?" என்று கேளுங்கள், புரியாதது அங்கே வெளிவரும். இன்சுலின் போடுகிறவர் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்காமல் அனுப்பாதீர்கள். இல்லையென்றால், ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சின்னச் சட்டி வைத்து, மருந்து நனையாமல் நிழலில் வைக்கக் கற்றுக்கொடுங்கள். 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை போகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் அவருடைய துணை சுகாதார நிலையத்தின் பெயரை எழுதி, அங்குள்ள செவிலியருக்குத் தகவல் சொல்லிவிட்டால் அவர் மருந்து விடாமல் இருக்க வழி உண்டு.

யோகாவை மறுக்க வேண்டாம், வேண்டுகிறவர்களுக்கு நல்லதே. டூட்டி நேரத்துக்குள், மாற்று ஆளோடு நடத்த அனுமதி கேளுங்கள். டூட்டி முடிந்தபின் நிற்க வைத்தால் அது எட்டு மணி நேரத்தோடு சேர்ந்த இன்னொரு மணி நேரம். அதே பொறுப்பு உங்கள் கையில் இருப்பதால் 'செவிலியர் நலன்' என்ற தலைப்பின் கீழேயே பூட்டுள்ள ஓய்வறை, நைட்டில் வெந்நீர், காமாலை பி தடுப்பூசி, ஊசி குத்தல் பதிவேடு ஆகியவற்றையும் எழுதிக் கேளுங்கள். பணியாளர் தடுப்பூசியும் ஊசி குத்தல் பதிவும் தேசியத் தரச் சான்றுக்கான ஆய்வில் பார்க்கப்படுபவை. தரக் குழுவுக்கும் அவை தேவை.

எண்களை மேலே கொண்டுபோகும் வழியிலும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். நோயாளி படம் எடுக்கவே வேண்டாம். அப்படிப் போனால் பேச்சு ஆள் குறையிலிருந்து உங்கள் நடத்தைக்குத் திரும்பிவிடும். ஒரே பக்கத்தில் எழுதி செவிலியர் கண்காணிப்பாளர் வழியாக மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் கொடுத்து, நகலில் வரிசை எண்ணும் தேதியும் வாங்குங்கள். வேண்டுமானால் ஒரே ஒரு வெளி ஆதாரம் சேருங்கள்: 2002-ல் லிண்டா ஐக்கன் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளில் பார்த்தபோது, ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் அறுவை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், செவிலியர் மனம் ஓய்ந்துபோகும் வாய்ப்பு 23 விழுக்காடும் கூடின. அங்கே கணக்கு நான்கு முதல் எட்டு நோயாளி வரைதான். அந்த விழுக்காட்டை உங்கள் 48 நோயாளிக்குப் பெருக்கிக் காட்டாதீர்கள். கேள்வி கேட்பவருக்கு அது பிடி கொடுக்கும்.

பத்துக் கோரிக்கை வைத்தால் எளிதானதைச் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். முதல் கடிதத்தில் ஒன்றே கேளுங்கள். வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"எங்கள் வார்டில் வாரத்துக்கு 42 ஷிஃப்ட் தேவை. தற்போது பணியில் உள்ள எட்டுப் பேரால் விடுப்பு போக 37 ஷிஃப்ட் பார்க்க இயலும். கடந்த மாதம் 20 டபுள் டூட்டி பார்க்கப்பட்டது. நாள்வாரி விவரம் இணைப்பில். இரவு 10 மணி ஊசி சராசரியாக 11.50-க்கு முடிகிறது. மருந்து நேரத்தை மாற்றி அதைக் குறைக்கும் பணியை வார்டிலேயே தொடங்கியுள்ளோம். பிரசவ விடுப்பு முடியும்வரை ஒரு செவிலியரை மாற்றுப்பணியில் தரவும், அதுவரை இரு வார்டுகளுக்குப் பொதுவாக இரவு 9 முதல் 12 வரையும் காலை 4 முதல் 7 வரையும் ஒருவரை அனுப்பவும் வேண்டுகிறேன்."

எண்கள் உங்கள் வார்டுடையதாக மாற வேண்டும். மாற்றுப்பணி ஆள் வந்தால் அடுத்த மாத எண்களையும் இதே படிவத்தில் அனுப்புங்கள். வராவிட்டாலும் அனுப்புங்கள், முந்தைய கடிதத்தின் வரிசை எண்ணை மேலே குறிப்பிட்டு.